ஜெர்மனியிலும் லயம்

ஜெர்மன் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இல்லாமல் என்ன? நுவரெலியாவில் ஒரு ஜெர்மன் குடும்பத்தில் அவர்கள் மகளைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான். தேயிலைத் தோட்டத்துப் பெண், கான்வென்டில் படித்துவிட்டு அங்கேயே விடுதியில் தங்கியிருந்தவள். மகளுக்குத் தாய் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சில வருஷங்களில் அந்த அம்மாள் மகளை விட்டுவிட்டு எனக்கே மேல்வகுப்புப் பாடம் எடுக்கத் தொடங்கினார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். நீண்ட வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும் என்பதில்தான் எல்லோரும் முட்டி மோதுவார்களாம். தமிழ் பேசுகிறவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா?

அந்த மொழியில் இரண்டு சொற்களை ஒட்டவைத்துப் புதுச் சொல் செய்துகொள்ளலாம். எனக்கு அது விளையாட்டு மாதிரி. 'நான் வளர்ந்த வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு அகராதியில் சொல் கிடைக்கவில்லை. வரிசைக்கு ஒரு சொல், வீட்டுக்கு ஒரு சொல், இரண்டையும் ஒட்டினேன். ரையன்ஹவுஸ். எங்கள் ஆட்கள் சொல்லும் லயனுக்கும் ரையனுக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்! படித்ததும் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் ரையன்ஹவுஸில்தான் பிறந்தேன்" என்றார். அட, ஜெர்மனியிலும் லயம் இருக்கிறதா! அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தாதிப் பயிற்சிக்குப் பெண்களை எடுத்தார்கள். டீச்சர் சிபாரிசு செய்தால் இடம் நிச்சயம். நாடற்றவர்களாக இருந்த எங்களுக்குப் பிரஜாவுரிமையும் கிடைத்திருந்தது. ஆனால் வீட்டில் நேரில் சம்மதம் கேட்காமல் சிபாரிசு செய்ய மாட்டேன் என்றார் டீச்சர். அப்பா இல்லை. அம்மாவோ பிடிகொடுக்கவே இல்லை.

"கண்காணாத தேசத்துல, பங்களாக்காரங்க மத்தியில போயி நீ என்னடி பண்ணுவ?"

"அங்கயும் லயம்தாம்மா. டீச்சரே லயத்துல பொறந்தவங்கதான்."

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா? அப்ப நம்மள மாதிரி ஆளுங்கதானா? சரி, வரச் சொல்லு, பாப்போம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலைக்கு மேல் கார் போகாது. கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் என்னோடு நடந்து வந்தவர், எங்கள் கதவைக் காட்டியதும் குனிந்து உள்ளே நுழைந்தார். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கியபடி சுற்றிப் பார்த்தார்.

"மாடிப்படி எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "மாடியா?"

"ரையன்ஹவுஸ் என்றாயே. எங்கள் வீட்டில் மேலே மூன்று அறை, பின்னால் தோட்டம், அதில் ஒரு ஆப்பிள் மரம்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என் காது இரண்டும் சுட்டன. நான் ஒட்டிய சொல் சரியான சொல்தான். அந்த ஊரில் அது வசதியான குடும்பங்கள் வாழும் வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். கரி பிடித்த சுவர், கொடியில் தொங்கிய துணி, டீச்சர் உட்காருவதற்காக அம்மா தகரப்பெட்டியின் மேல் மடித்துப் போட்டிருந்த ஒரே நல்ல சேலை, எல்லாம் அந்த நிமிஷத்தில் என் கண்ணில் குத்தின. அந்தச் சேலையை எங்காவது ஒளித்துவிடலாமா என்றிருந்தது. எவ்வளவு நீண்ட வாக்கியங்கள் படித்திருந்தேன்! "தாஸ் இஸ்ட் அல்லெஸ்" என்றேன். இவ்வளவுதான் வீடு. முதல் பாடத்துப் பிள்ளைகள் பேசும் வாக்கியம் அது.

அம்மாவுக்கோ ஒரே பூரிப்பு. "வாங்க தொரசாணியம்மா, ஒக்காருங்க! நீங்களும் லயத்து ஆளுதானாமே!" என்று தேத்தண்ணியை நீட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவங்க வீட்ல எத்தன காம்பரான்னு கேளு."

"சும்மா இரும்மா."

"கேளுடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "உங்கள் வீட்டில் எத்தனை அறை என்று அம்மா கேட்கிறார், ஜெர்மனியிலும் இப்படித்தான் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்." டீச்சர் என்னைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த சேலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவிடமே ஒரு விரலைக் காட்டினார்.

ஒன்று.

"பாத்தியா!" என்று அம்மா என் தோளில் தட்டினாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காம்பராவை நினைத்துக் கூசியது போதாதென்று, டீச்சரும் நானும் சேர்ந்து அம்மாவைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொன்னால் ஜெர்மனி போய்விடும்.

அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "லயத்துப் புள்ள லயத்துக்குத்தானே போவுது. கூட்டிட்டுப் போங்க தாயி."

அம்மா என்ன சொன்னார் என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

"சம்மதமாம்" என்றேன்.