மருமகனுக்குக் காட்டிய பழைய வீடுகள்

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த கையோடு, வீட்டை உடைத்து மாடி வைத்துக் கட்ட வேண்டும் என்றாள் மனைவி. மாப்பிள்ளை பகுதியார் கேட்டிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; கல்யாணம் முடித்த ஆண் அங்கே போய்க் குடியேறுவான். நானும் சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு அப்படிப் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். ஆனால் இத்தனை வருடம் அந்தக் கூடத்தில் கால் நீட்டிப் படுத்ததில், சுண்ணாம்புச் சுவரும் முதிரை மரத் தூண்களும் என் பரம்பரைச் சொத்து என்ற நினைப்பு வந்துவிட்டது.

வருங்கால மருமகனை ஒரு நாள் நடத்திக் கூட்டிப்போய் ஊரின் பழைய கட்டடங்களைக் காட்டினால் மாடி ஆசை தானாக இறங்கிவிடும் என்று திட்டம் போட்டேன். அவர் அக்கரைப்பற்றுப் பிள்ளை, ஆசிரியர். மாமனாராகப் போகிறவர் கூப்பிட்டால் மறுக்க முடியாத நிலையில் இருந்தார். அதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

எங்கள் ஊரில் காரணமில்லாமல் நடப்பவனை யாரும் சும்மா விடுவதில்லை. ஆள் மாறி ஆள் பைக்கை நிறுத்தினார்கள்.

"பைக்குக்கு என்ன? ஏறுங்க, கொண்டு விடுறன்."

"பழைய கட்டடம் பார்க்கப் போறம்," என்றேன். மருமகனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

கட்டடக்கலையில் என் ஞானமெல்லாம் முதல் நாள் ஃபோனில் பார்த்த ஒரு வீடியோ. அதை வைத்துக்கொண்டு கடைத்தெருவின் பலகைக் கதவுகளுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். வளைவு கண்ட இடமெல்லாம் ஒல்லாந்தர் காலம், டச்சுக்காரன் கட்டினது என்றேன். வளைந்த வாசலும் ஓட்டுக் கூரையுமாக நின்ற ஒரு வீட்டின் முன் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"ஒல்லாந்தரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. எங்கட வாப்பா சவூதியால வந்து கட்டின வீடு."

மருமகன் அந்த நேரம் பார்த்துக் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். நல்ல பிள்ளை.

கடற்கரைப் பக்கம் போனபோது காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு அங்கே எழுந்ததெல்லாம் புது வீடுகள், பெரும்பாலும் மாடி. வெறும் வீட்டு வளவொன்றில் யாருடையதோ ஒரு அத்திவாரம் கிடந்தது. விடாமல் அதற்கும் ஏதோ விளக்கம் சொன்னேன்.

திரும்பி வரும்போது மருமகன் மெல்லக் கதைத்தார்.

"மாமா, உங்கட வீடு நல்ல வடிவு. அத என்னத்துக்கு உடைக்கணும்? எங்கட ஆக்கள் மாடி கேக்கல்லயே."

வென்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தில், அப்படியானால் கேட்டது யார் என்று யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூடத்தில் இருத்திவிட்டு நேரே குசினிக்குப் போனேன்.

"மாப்பிள்ளைக்கு மாடி வேணாமாம்," என்றேன் மனைவியிடம்.

அவள் தேயிலைச் சாயம் வடித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு வேணாம். எனக்கு வேணும்."

"கடல் வந்தே விழாத சுவர். அத உடைக்கலாமா?"

"சுவர் நிண்டிச்சி. எனக்கு நிக்க இடமிருக்கல்ல. கைப்பிள்ளயத் தூக்கிட்டு அடுத்த வீட்டு மாடிக்கு ஓடினன். நாளைக்கு மகளும் பிள்ளயத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்கா ஓடணும்?"

அன்று நான் சம்மாந்துறையில், என் உம்மா வீட்டில், வயல் பக்கம் பாதுகாப்பாக இருந்தேன். அந்தச் சுவர் எப்படி நின்றது என்று வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இவள் எப்படி ஓடினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், படியை எந்தப் பக்கம் வைப்போம் என்று கேட்டேன்.

"மகள்ர அறையால வெளிக்கிட்ட உடனே ஏறுற மாதிரி," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.