பல்லி கிளப்பில் என்ன டிபன்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு இட்லி, ஒரு காபி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இட்லியா... இங்கேயா?

விஷயம் இதுதான். நாங்கள் மூன்று பேர் பல்லி பார்க்கிறோம். சிரிக்காதீர்கள். எந்தச் சுவரில், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை கத்தியது என்று நோட்டில் எழுதுகிறோம். பலன் பார்ப்பதில்லை, அதற்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. பின்னே எதற்கு? அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை.

பாத்திரக் கடை ஜினதாஸ் ஜைனர். பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிடமாட்டார் என்பதால் சிநேகிதர்கள் அவரை ஓட்டலுக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். சுப்பராயலு நெசவாளர், தறிச் சத்தத்தில் காது மந்தம். பல்லியின் தொண்டை அசைவதைப் பார்த்தே எண்ணிவிடுவார். நான் — கல்யாண வீட்டில் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசாமி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுக்கென்று இருப்பது இந்த மாடி அறை ஒன்றுதான்.

ஆசை யாரை விட்டது? 'பல்லி கிளப்' என்று போர்டு எழுதி மாட்டினோம்.

கிளப் என்றால் ஊருக்கு என்ன அர்த்தம்? டிபன் கிடைக்கும் இடம். அதுவும் கீழே இருப்பது ஏகாம்பரத்தின் காபி கிளப். பாதிப் பேர் எங்களிடம் இட்லி கேட்டார்கள். மீதிப் பேர் அவர் சாம்பாரில் என்னவோ விழுந்துவிட்டதாக நினைத்து எதிர்க் கடைக்குப் போனார்கள்.

ஏகாம்பரம் மேலே வந்தார். அறையும் அவருடையதுதான். "இன்னா சார் இது? சாம்பார் அண்டாவோட அப்டியே இருக்குது. பேரை மாத்துங்க. இல்லன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

இதை விட்டால் நாங்கள் எங்கே போவது?

'கிளப்'பை அழித்து 'சங்கம்' என்று எழுதினோம். மறுநாள் நான்கு நெசவாளர்கள் வந்து நின்றார்கள். "புது சங்கமாபா? பாவு எப்ப குடுப்பீங்க?"

அவர்களுக்குச் சங்கம் என்றால் தறிக்குப் பாவு நூல் தரும் பட்டுக் கூட்டுறவுச் சங்கம்தான். பல்லியை மார்க்கா என்று நினைத்துவிட்டார்கள். சுப்பராயலு காதில் என்ன விழுந்ததோ... "நாளைக்கு வாங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் பாவு கேட்டுத் தெருவே வந்தது. காபி குடிக்க யாரும் உள்ளே நுழைய முடியவில்லை.

"கழகம்னு வெச்சா?" என்றார் ஜினதாஸ்.

"எந்தக் கட்சின்னு கேப்பாங்க" என்றேன்.

ஏகாம்பரம் மறுபடி ஏறி வந்தார். நாங்கள் நோட்டுகளைக் கட்ட ஆரம்பித்தோம். சுப்பராயலுவுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஏகாம்பரம் கதவைச் சாத்தினார். ஒரு நோட்டை உருவி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்லாவுக்கு மேல ஒண்ணு இருக்குது சார். தெனம் பத்தரைக்கு அஞ்சு வாட்டி கத்துது. ஒரு நாள் தப்பல. நானும் பாத்துக்கினே இருக்கேன்... இத்த யாராண்ட சொல்றதுன்னுதான் தெரியல."

ஜினதாஸ் பேனாவைத் திறந்தார்.

போர்டை ஏகாம்பரமே கழற்றினார். பெயர் இல்லாததால் இப்போது எங்களைத் தேடி யாரும் வருவதில்லை — வர வேண்டியவர் வந்துவிட்டார்.