மச்சானின் காரும் அக்காவின் கடிகாரமும்

என் அக்காவின் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. முப்பது வருடமாக ஊரில் பாதி மாடிக் கட்டடங்கள் அவர் கையெழுத்தை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன. லிஃப்டுக்குள் ஒரு சின்ன அட்டை மாட்டியிருக்கும். மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற அட்டை. அதில் மச்சான் கையெழுத்தைப் பார்த்தால் நான் தைரியமாக ஏறிவிடுவேன். அவர் மட்டும் படியில் போவார். கேட்டால், "உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்பார். எதையும் சரிசெய்துவிடுவார், எதையும் நம்பமாட்டார்.

அந்த மனிதர் கார் வாங்கியது அக்காவுக்காக. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவள் படுக்கை தயாராக இருக்கும். ஏழு இருபதுக்குள் போய்ச் சேராவிட்டால் காத்திருக்கும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எப்போது கிடைக்கும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கி நுரையீரல் வரை வந்துவிடும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மச்சானுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான்: நாளைக்கு வண்டி கிளம்புமா?

வண்டி என்றால் பெரிய வண்டி இல்லை. கடையில் இருந்ததிலேயே சின்னது. பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம் என்று விற்றவர் சொன்னார். உட்காரலாம், மடித்து வைத்தால். நான் அதில் ஏறினால் என் முழங்கால் என் தாடையோடு பேசும். ஆனால் அக்கா குனியாமல், கையூன்றாமல் உட்காருகிற உயரத்தில் முன்சீட்டு இருந்தது. பெரிய பெரிய கார்களில் எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு அவளே இதைத் தேர்ந்தெடுத்தாள். சீட்டைப் பின்னால் சாய்த்து, கழுத்துக்கு ஒரு குட்டித் தலையணை வைத்துக்கொண்டால் போகவும் வரவும் படுத்த மாதிரியே இருக்கும். "வீட்டுக் கட்டில விட இதுதான் சுகம்" என்பாள். சந்துக்குள் நுழையும், எங்கே வேண்டுமானாலும் நிற்கும், நான்கு வருடத்தில் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. வேறு ஆளாக இருந்தால் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மச்சானோ, இதுவரை நிற்காத வண்டி இனிமேல்தான் நிற்கும் என்று காத்திருந்தார். ஓட்டும்போது பாட்டுக் கிடையாது. பேச்சும் கிடையாது. அக்கா வாயைத் திறந்தால், "கொஞ்சம் இரும்மா, ஏதோ சத்தம்" என்பார். மேம்பாலம் ஏறும்போது இஞ்சினுக்குப் பாரமென்று ஏசியை அணைப்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சூடாகிவிடுமென்று வண்டியையே அணைப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அவருக்கு வைத்த பெயர் டாக்டர். "டாக்டர் வந்துட்டாரு, எல்லாரும் மூச்ச இழுத்து விடுங்க" என்று சத்தம் போடுவார். மச்சானுக்குச் சிரிப்பு வராது.

இதற்கெல்லாம் மேல் இன்னொரு பழக்கம் இருந்தது. லிஃப்ட் வேலையில் முதல் பாடம், கையை வைக்குமுன் மெயினை அணை. கடைசிப் பாடம், போகுமுன் மெயினை அணை. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் காரை நிறுத்தியதும் இஞ்சின் மூடியைத் திறந்து பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி வைத்துவிடுவார். காலையில் மாட்டுவார். பேட்டரி வீணாகாதாம், எங்கேயாவது கரண்ட் கசிந்து தீப்பிடிக்காதாம். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "டெய்லி கழட்டி மாட்டினா வயர் நுனியில இருக்கற அந்தக் கிளாம்பு என்னத்துக்கு ஆவும்? ஈயம் சார் அது, தேஞ்சிரும்." தேயத்தான் செய்தது. பிடி தளர்ந்தபோது மச்சான் ஒரு தகரத் துண்டைச் சீவி இடையில் சொருகினார். அது லிஃப்டாக இருந்திருந்தால் அவரே கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்.

வயரைக் கழற்றினால் காரிலிருக்கும் கடிகாரம் நின்றுபோகும். காலையில் மாட்டியதும் பன்னிரண்டு என்று மின்னும். அதைச் சரியான மணிக்குத் திருப்புவது அக்காவின் இலாகா. மச்சானின் கண் சூட்டைக் காட்டும் முள்ளில், காது இஞ்சினில். கடிகாரத்தை அவர் பார்ப்பதே இல்லை.

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, காலணி மட்டும் இறுக்கமாக இருந்தது. கேட்டதற்கு, "நல்லாத்தான்டா இருக்கேன். போன தடவையும் எடை அதேதான்" என்றாள். செவ்வாய்க்கிழமை காலை நானும் கூடக் கிளம்பி, பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன். அக்கா சீட்டைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

"சாய்ஞ்சுக்கலையா?" என்றேன்.

"சீட்டு லீவர் சரியில்ல போல" என்று மச்சான் முந்திக்கொண்டார். "ரெண்டு வாரமா சாய்க்கவே மாட்டேங்கறா. எண்ணெய்கூட விட்டேன். மெக்கானிக் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குங்கறான். அவனுக்கு என்ன தெரியும்?"

அக்கா குட்டித் தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் லீவரையே சந்தேகப்பட்டேன், மடையன்.

ஆறு ஐம்பதுக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. வழக்கம்போல் மச்சான் வண்டியை அணைத்தார். முன்னால் ஒரு லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள். ரயில் போயிற்று. கேட் ஏறியது. சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் இல்லை.

நான்கு வருடமாகப் பயந்துகொண்டிருந்த விஷயம் கடைசியில் வந்தேவிட்டது. அது வந்தால் அவர் தயாராக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். டிக்கியில் பாதி ஒர்க்‌ஷாப்பே இருந்தது. ஆனால் மனிதருக்கு எதை எடுப்பதென்றே தெரியவில்லை. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்று கீழே விழுந்தது. அதைத் தேடிக் காலடியில் தடவினார். பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். ஒருத்தர் இறங்கி வந்து, "ஓரமா தள்ளுய்யா!" என்று கத்தினார். ஆறு ஐம்பத்தொன்பது. நான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓடி ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். அவ்வளவு தூரம் அக்காவால் நடக்க முடியாது, ஆட்டோவால் இந்த நெரிசலுக்குள் வரவும் முடியாது.

மச்சான் மூடியைத் திறந்து ஸ்டார்ட்டரைத் தட்டினார், பெல்ட்டை இழுத்தார், எண்ணெயைப் பார்த்தார். பேட்டரி வயரை மட்டும் தொடவில்லை. அதைக் காலையில் மாட்டியது அவர் கை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் தன் கைதான்.

"என்னங்க" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "கடிகாரம் அணைஞ்சுபோச்சு."

"இப்ப கடிகாரமா முக்கியம்?"

"கேளுங்களேன். ரெண்டு வாரமா கேட்டுல அணைச்சுட்டுத் திரும்பப் போடறப்பெல்லாம் அது பன்னெண்டுக்குப் போயிடுது. நான்தான் திருப்பித் திருப்பி வெக்கறேன். இப்ப ஒண்ணுமே காட்டல. அந்த வயர் ஆடுதோ என்னவோ."

மச்சான் அப்படியே நின்றார். பிறகு இரண்டு விரலால் வயரைப் பிடித்தார். அது கையோடு வந்தது. தகரத் துண்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. கிளாம்பை அழுத்தி, முறுக்கி, கையில் கிடைத்த கம்பியால் கட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. ஏழு எட்டு.

தண்டவாளத்தைத் தாண்டினோம். அப்புறம் அவர் கேட்டார், "ஏன் சொல்லல?"

"சொன்னா தூங்கமாட்டீங்க. ஏற்கெனவே நாலு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறீங்க."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

ஒரு தெரு போயிற்று. மச்சான் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். நேரமில்லாத நேரத்தில் ஏன் குறைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. குரலும் இறங்கியிருந்தது. "வேற என்னெல்லாம் சொல்லாம வெச்சிருக்க?"

அக்கா வெளியே பார்த்தாள். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"லீவர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "சாய்ஞ்சா மூச்சு முட்டுது. வீட்லயும் மூணு தலகாணி வெச்சு உக்காந்தாப்லதான் தூங்கறேன். நர்ஸ் கேட்டா ஒண்ணுமில்லன்னுட்டேன். இன்னும் ஒரு பயம் உங்களுக்கு எதுக்குன்னு..."

மச்சான் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஹாரனில் கையை வைத்தார். நான்கு வருடத்தில் அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. மேம்பாலத்தில் ஏசி ஓட ஓட ஏறினோம். ஏழு பதினெட்டுக்கு அவள் படுக்கையில் இருந்தாள். மச்சான் டாக்டரைக் கூப்பிடச் சொல்லி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு உடனே எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். அவள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்; இளைத்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது; அதனால் எடை மாறவே இல்லை. "நல்லவேளை இன்னிக்குச் சொன்னீங்க. இன்னும் ரெண்டு தடவ இப்படியே போயிருந்தா தூக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க" என்றார். இரண்டு நாள் வைத்திருந்து தண்ணீரை எடுத்தார்கள். மச்சான் அந்த இரண்டு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். வயரைக் கழற்ற வீட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை கூட்டிவந்தோம். அக்கா தலையணையைக் கழுத்துக்கு வைத்து, சீட்டை முழுக்கச் சாய்த்துக்கொண்டாள். அவள் தலை என் மடிக்கே வந்துவிட்டது. என் முழங்காலுக்கு மிச்சமிருந்த இடமும் போயிற்று. கடிகாரம் சரியான மணி காட்டியது.

கேட் மூடியிருந்தது. மச்சான் வண்டியை அணைக்கவில்லை. "சொல்லு" என்றார்.

"என்னத்தச் சொல்ல?"

"எதையாவது சொல்லு. கேக்கறேன்."

அவளும் ஆரம்பித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகள், தண்ணிக் குழாய், நர்ஸின் புதுச் செருப்பு. நான்கு வருடத்துப் பாக்கி எல்லாம் வந்தது. கேட் திறந்து வண்டி நகர்ந்தபோது இடதுபக்கச் சக்கரத்தில் க்ரீச் என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. மச்சான், "அப்புறம் அந்த மருமக என்ன சொன்னா?" என்றார்.