ஆனந்த்ராஜ் கேட்ட ஆறுமணிக்குருவி

ஆனந்த்ராஜுக்குப் பார்வை முழுசாகப் போனபோது வயது நாற்பத்தொன்று. கண்ணில் நீர் அழுத்தம் கூடும் நோய். சுரங்கத்தில் பார்த்த கான்ட்ராக்ட் வேலையும் அதோடு நின்றது. மனைவி ஸ்டெல்லா சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் பெர்மனென்ட் நர்ஸ். அவள் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவர் தனிதான்.

எதிர்வீட்டு காயத்ரி ஒருநாள் அவர் போனை வாங்கி, திரையில் இருப்பதைத் தமிழில் வாசிக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்தாள்.

"விரலால தடவிக்கினே போங்கண்ணா, அது சொல்லும். வேணுங்கறதுல ரெண்டு தட்டு தட்டுங்க."

முதல் வாரம் எரிச்சலில் போனைக் கட்டிலில் எறிந்தார். மூன்றாவது வாரம் ஸ்டெல்லாவுக்குத் தானே மெசேஜ் அனுப்பினார்: "சாப்பிட்டியா?" டூட்டியில் அதைப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

பிறகுதான் பல நாட்டுப் பறவைக் குரல்களைச் சேர்க்கும் ஓர் இணையதளம் அவருக்கு அகப்பட்டது. காதில் விழுந்ததையெல்லாம் பதிவு செய்து அனுப்பினார். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் புதரில், காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும் ஆறுமணிக்குருவி விசிலடித்தது. அதை அனுப்பிய மறுநாள் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதியிருந்தார். போன் தமிழாக்கி வாசித்தது. அது இமயமலை அடிவாரத்திலிருந்து வருவது, சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்பது. உங்கள் இடத்தில் சருகு உண்டா?

உண்டு. ஆனால் ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்தார் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள்.

ஆனந்த்ராஜ் கோலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார். "அவ்ளோ தூரம் பறந்து வருதுங்க. நாம அது சாப்பாட்டக் கொளுத்திக்கினு இருக்கோம்."

"சருகு கெடந்தா பாம்பு வருமேப்பா" என்று பக்கத்து வீட்டுத் துரைராஜ் தயங்கினார். கடைசியில் வீட்டோரம் மட்டும் கூட்டுவது, புதர்ப் பக்கம் கைவைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். குருவி பங்குனி வரை இருந்தது.

போன மாதம் சிலி நாட்டிலிருந்து, பார்வையில்லாத ஒரு பெண் எழுதினாள். அவர் பதிவுகளைத் தினமும் கேட்கிறாளாம். தானும் அனுப்ப எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாள். ஆனந்த்ராஜ் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பத்தே நாளில் அவள் ஊர்ப் பறவை ஒன்று அவர் போனில் கூவியது.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இவ்ளோ நேரம் ஆண்டவர்கிட்ட என்னங்க கேட்டீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒண்ணும் கேக்கல. நன்றி சொல்லிக்கினு இருந்தேன். சொல்ல வேண்டிய ஆளுங்க நெறைய, நேரமாயிடுச்சி."