சுருளியம்மாளின் ஜீப்பும் கம்பம்மெட்டு ஏற்றமும்

கோம்பையிலிருந்து கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஜீப்பில் ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது சுருளியம்மாளின் வேலை. முன்பு அந்த ஜீப்பை அவள் புருஷன் விஜயபாண்டி ஓட்டினார். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, எதிரே வரும் வண்டி புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்ததும், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்றார் விஜயபாண்டி. அவள் கேட்கவில்லை. ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, தானே மலை ஏறினாள். ஏறத் தயங்கிய பெண்களே, வளைவுக்கு வளைவு ஆரன் அடித்து நிதானமாகப் போகிறாள் என்று பிறகு அவள் வண்டிக்காகக் காத்து நின்றார்கள்.

இந்த ஐப்பசியில், இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பு ஒழுக ஆரம்பித்தது. கம்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன் புதுப் பம்பு மாட்டிக் கொடுத்தான். மறுநாளே, பாதி மலை ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டுத்தான் மேலே போனாள். அந்தத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை சுரேஷ்கண்ணன் மாற்றினான். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை தண்ணீர் ஊற்றினான். சமதளத்தில் உத்தமபாளையம் வரை போய்வந்தால் முள் பாதியிலேயே நிற்கும். மலை ஏறினால் மட்டும் கொதித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்துவிட்டது. இன்ஜினை அணைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பிடிக்கவில்லை. வண்டி பின்னால் நகர்ந்தது. இன்ஜின் அணைந்ததால் கால் பிரேக்கும் இறுகிப்போய், ஏறி நிற்பதுபோல மிதித்தும் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போனது. உள்ளே பெண்கள் அலறினார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய் குதித்து, ரோட்டோரக் கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினாள். அதற்குப் பின்னால் தடுப்புச் சுவர்தான். அதற்கப்பால் பள்ளம்.

அன்று சாயங்காலம் பெண்களோடேயே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினாள். சுரேஷ்கண்ணன் இன்ஜினை ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். முள் அசையவில்லை.

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லக்கா. ஏத்தத்துல நீங்கதான் கியரைக் கொறைக்காம இன்ஜினைத் திணறவிட்டு மிதிக்கிறீக. அப்புறம் கொதிக்காம என்ன செய்யும்?"

பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்து இறங்கும்போது சுப்புத்தாய் சொன்னாள்:

"ஏத்தா சுருளி, தப்பா எடுத்துக்கிறாத. பிள்ள குட்டிக்காரவுக. திங்கக்கிழமைலருந்து வேற வண்டி பாக்கலாம்னு பேசிக்கிறாக."

அவள் வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள். விஜயபாண்டியிடம் சொன்னபோது அவர், "அதான் அன்னைக்கே சொன்னேன், வித்துருவோம்னு" என்றார். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். இதே ஏற்றத்தில் இதே கியரில்தானே இத்தனை வருஷமாக ஏறினோம் என்று நினைத்தபோது அழுகை நின்று கோபம் வந்தது.

ஞாயிறு காலை பெண்களின் எடைக்கு ஈடாக ஜீப்பின் பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி, விஜயபாண்டியையும் கூட்டிக்கொண்டு நேரே சுரேஷ்கண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏறு தம்பி. சமதளத்துல நின்னு பாத்தது போதும். ஏத்தத்துல வந்து பாரு. நான் கியர் மாத்துறேனா இல்லையான்னும் பாத்துக்க."

அவன் தயங்கினான். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த விஜயபாண்டியைப் பார்த்ததும் பேசாமல் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஏறினான்.

ஏற்றம் தொடங்கியதிலிருந்து அவன் கண் அவள் கையிலேயே இருந்தது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தாள். இன்ஜின் திணறவே இல்லை. ஆனாலும் முள் ஏறியது. வெள்ளிக்கிழமை நின்ற வளைவுக்குச் சற்றுக் கீழே அவனே, "நிறுத்துங்க. ஆனா இன்ஜினை அமத்தாதீக" என்று சொல்லிப் பானட்டைத் திறந்தான்.

"நியூட்ரல்ல போட்டு ரேஸ் குடுங்கக்கா."

ஒரு கால் பிரேக்கில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில். இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்தாள். தூக்கிய பானட்டால் முன்னால் எதுவும் தெரியவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். மூட்டைகளின் மேல் விஜயபாண்டி இல்லை.

"ஏங்க! எங்கன இருக்கீக?"

"பின்னாடிதான். சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறேன்." குரல் வண்டிக்குக் கீழிருந்து வந்தது. பார்வை மங்கிய மனுஷன், சக்கரத்தைத் தடவித் தடவிக் கல்லைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அங்கன நிக்காதீக! ஓரமாப் போங்க!" என்று கத்தினாள். ஹேண்ட்பிரேக் கைக்குள் தளர்ந்து வண்டி பின்னால் அசைந்தது. கல் நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டது. வண்டி நின்றுகொண்டது.

"இன்னும் குடுங்கக்கா!"

"முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு தம்பி!"

"கொஞ்சமாச்சும் குடுங்க!"

மிதித்தாள். இன்ஜின் அலறியது.

"அமத்துங்க! அமத்துங்க!"

எல்லாம் அடங்கியது. விஜயபாண்டி ரோட்டோரத்தில் நின்று கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் அவள் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுத்தாள்.

சுரேஷ்கண்ணன் பானட்டுக்குள் குனிந்தபடியே இருந்தான். வண்டி நன்றாக ஆறியதும், அவளைப் பானட்டுக்கு முன்னால் கூப்பிட்டான். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குத் தண்ணீர் போகும் தடித்த ரப்பர் ஓஸைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஓஸ் உருண்டையாக இருந்தது. ரேஸ் கொடுத்ததும், உறிஞ்சிக் காலியான பால் பாக்கெட் மாதிரி சப்பென்று ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தான். மறுபடி உருண்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான்க்கா. பழைய பம்பு தேஞ்சு போயி இழுக்கத் தெம்பில்லாம ஓடுச்சு. புதுசு பலமா உறிஞ்சுது. ஏத்தத்துல இன்ஜின் வேகமாச் சுத்துனா ஓஸ் ஒட்டிக்கிருது, தண்ணி போக வழியில்ல. ஒர்க்‌ஷாப்புல மெதுவாத்தான ஓடவிட்டேன், அதான் தெரியல." இறங்கி வந்து ஓஸை விரலால் அமுக்கிக் காட்டினான். "ஒட்டாம இருக்கத்தான் உள்ள கம்பிச் சுருள் வச்சிருப்பாக. பம்பு மாத்தும்போது அது துருப்பிடிச்சு உதுந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன். சாதாரணமா நெனச்சுட்டேன்."

விஜயபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுருளியம்மாள் கையமர்த்தினாள்.

"ஓட்டத் தெரியலன்னு அத்தன பேரு முன்னாடி சொன்னேல்ல? இதையும் அவுக முன்னாடி வந்து சொல்லு."

அவன் தலையாட்டினான். ஜீப் மெல்ல இறங்கியது. இறக்கத்தில் இன்ஜினுக்குப் பாரம் இல்லாததால் முள் தணிந்தே இருந்தது. ஞாயிறு என்று பூட்டியிருந்த கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, சுருள் வைத்த புது ஓஸ் வாங்கி மாட்டினான். ஹேண்ட்பிரேக்கையும் சரிசெய்தான். மதியத்துக்கு மேல் அதே மணல் மூட்டைகளோடு அதே வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள். முள் பாதிக்கு மேல் வரவில்லை.

திங்கள் காலை கோம்பை பஸ் ஸ்டாண்டில் சுரேஷ்கண்ணன் பைக்கில் வந்து நின்றான். பெண்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்: "கோளாறு என் வேலையிலதான். அக்கா ஓட்டுனதுல தப்பில்ல." நாலு பேர் ஏற்கெனவே வேறு ஜீப்பில் ஏறியிருந்தார்கள். அவர்கள் இறங்கி வரவில்லை. சுப்புத்தாய் முதல் ஆளாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, "எடு ஆத்தா வண்டிய" என்றாள். மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள்.

ஒவ்வொரு வளைவிலும் சுப்புத்தாயின் கண் முள்ளுக்குப் போய்வந்தது. அந்த வளைவு வந்தது. கியரைக் குறைத்து, ஆரன் அடித்துத் திருப்பினாள். பின்னால் யாரோ சாமி பேரைச் சொன்னார்கள். வளைவு முடிந்தது. முள் பாதியில் நின்றது. கம்பம்மெட்டு செக்போஸ்ட் வரை அங்கேயே நின்றது.

தோட்டத்து வாசலில் பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். சுருளியம்மாள் இன்ஜினை அணைத்தாள். பிறகு இறங்கி, பானட்டைத் திறந்து, குனிந்து புது ஓஸை விரலால் அமுக்கிப் பார்த்தாள்; உள்ளிருந்த சுருள் விறைப்பாக நின்றது.