வலிக்காத கால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி ஏறும். கொஞ்ச தூரம் நடந்தால் அடங்கும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே ஆணி. எனக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தவன். வீடு சந்தாபுராவில். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது, அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலில் வலியோ எரிச்சலோ உள்ளவர்கள் யாராவது படித்துவிட்டு ஒரு நிமிடம் நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு இடது கால் எத்தனை முறை மிதிக்கிறது என்று கிளட்சுக்கே தெரியாது. எலும்பு டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு பிளான்டர் ஃபேசியைடிஸ் (உள்ளங்காலைத் தாங்கும் தசைநார் புண்ணாவது) என்றார். ஐஸ் பாட்டிலை உருட்டச் சொன்னார். செருப்புக்குள் சிலிகான் மெத்தை வைக்கச் சொன்னார். குதிகாலில் ஊசியும் போட்டார். வலி விருந்தாளி மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தது.

பிறகு எரிச்சல் சேர்ந்துகொண்டது. மிளகாய் அரைத்த கையை யாரோ என் பாதத்தில் துடைத்தது போல. என் மனைவி செல்வி விளக்கெண்ணெய் தடவித் தேய்த்துவிடுவாள். அந்தச் சமயத்தில் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. சர்க்கரை இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். குதிகாலுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர். அந்த இரண்டு பேரும் என் காலில் சந்தித்துக்கொள்ளவேயில்லை. நானும் சந்திக்க வைக்கவில்லை.

இப்படிச் சில வருடம் போனது. நின்றால் வலி, படுத்தால் எரிச்சல்.

ஒரு கார்த்திகையில் வழக்கம்போல் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மாலை போட்டால் செருப்பு கிடையாது. டிரைவர்கள் கட்டாயம் ஷூ போட வேண்டும் என்று சட்டம் பேசும் கம்பெனியும் மாலை போட்டவர்களை விட்டுவிடும். முதல் வாரம் வெறுங்காலில் உயிர் போனது. ஒரு பொழுதுதான் சாப்பாடு. அதோடு மாத்திரையையும் போட்டால் தலை சுற்றியது. விரதத்தில் உடம்பு தானாகவே சுத்தமாகும் என்று மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. சாமி காரியத்துக்கு டாக்டரிடம் என்ன அனுமதி என்று நினைத்தேன்.

விரதம் முடியும் தறுவாயில் வலி குறைந்தது. எரிச்சல் அடங்கியது. மலை ஏறும்போது கூட வந்தவர்கள் கல்லிலும் வேரிலும் கால் பட்டு முனகிக்கொண்டு வந்தார்கள். நான் இருமுடியோடு மெத்தையில் நடப்பது போல ஏறினேன். எங்கள் குருசாமி திரும்பிப் பார்த்து, "என்னா சாமி, உங்களுக்கு மட்டும் ஐயப்பன் கம்பளம் விரிச்சிட்டாரா?" என்றார்.

சன்னிதானத்தில் நின்று விம்மி விம்மி அழுதேன். என் வலியை எடுத்துக்கொண்டாயே அப்பா என்று நன்றி சொன்னேன். அந்த நன்றியை இன்று நினைத்தால் கசக்கிறது.

ஊருக்கு வந்து மாலை கழற்றிய பிறகும் நான் செருப்பு போடவில்லை.

"மாலதான் கழட்டியாச்சு இல்ல, செருப்ப போடுங்க. கண்ட கண்ட எடத்துல கால வெச்சுட்டு வீட்டுக்குள்ள வரீங்க" என்றாள் செல்வி.

"சாமி குடுத்த காலு செல்வி. அத செருப்புக்குள்ள போட்டு அடைக்கச் சொல்றியா?"

"சாமி எல்லாருக்குந்தான் குடுத்திருக்காரு. நாங்கல்லாம் போடல?"

என் வண்டியில் தினமும் வரும் கார்த்திக் என்ற கோயம்புத்தூர்ப் பையன் என் காலைக் கவனித்தான். அவனும் அவன் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஓடுகிறவர்கள். "அண்ணா, வெறுங்கால்ல ஓடறதுக்கு நாங்க கோச் வெச்சு கத்துக்கிறோம். நீங்க சும்மாவே நடக்கறீங்களே! ஒரு நாள் வாங்கண்ணா" என்றான். ஐம்பதை நெருங்கும் வயதில், தொந்தி வைத்த டிரைவர் ஓடுவதா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டம் போல ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. முதல் நாள் மூச்சு முட்டி கரையோரம் உட்கார்ந்துவிட்டேன். போகப் போக நாய்கள் துரத்தினாலும் பிடிக்க முடியாத வேகம் வந்தது. பனியில் ஈரமான செம்மண்ணில் என் கால் சத்தமே எனக்குக் கேட்காது. வாய் சரணம் சொல்லும், உடம்பு அதன் தாளத்துக்கு ஓடும். மண் எனக்கு மெத்தென்றுதான் தெரிந்தது. அது மண்ணின் குணம் என்று நினைத்தேன்.

கார்த்திக் என்னை வீடியோ எடுத்துப் போட்டான். 'குதிகால் வலியை வெறுங்காலால் வென்ற டிரைவர் அண்ணா' என்று தலைப்பு. எங்கள் வண்டி ஷெட்டில் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு டிரைவர்கள் என்னைப் பார்த்து ஷூவைக் கழற்றினார்கள். அந்த இரண்டு பேரை இன்றும் பார்க்கும்போதெல்லாம் சர்க்கரை பார்த்தாயா என்று கேட்கிறேன்.

இதற்கிடையில் வண்டி அடிக்கடி சிக்னலில் அணைந்துபோனது. கிளட்ச் முழுதாக இறங்கியதா என்று காலுக்குத் தெரியவில்லை. வண்டி பழசாகிவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டினேன். பின் சீட்டில் ஊரான் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு ஞாயிறு ஓடிவிட்டு வந்து, வாசல் குழாயில் காலை நனைத்துக்கொண்டு பூஜை அறையில் உட்கார்ந்தேன். வெளியே செல்வி கத்துவது கேட்டது.

"காவ்யா, கால காட்டுடி! எங்கடி கிழிச்சுக்கின?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் என் மகள். பிறகு செல்வி தன் காலைப் பார்த்திருக்கிறாள். கடைசியாக பூஜை அறைக் கதவைத் திறந்தாள். வாசலிலிருந்து என் மணை வரைக்கும் தரையில் சிவப்பு.

இடது காலின் சுண்டு விரலுக்கு அடியில் ஒரு பாட்டில் கண்ணாடி ஏறியிருந்தது. நான் சிரித்தேன். "பாத்தியா? சாமி காப்பாத்திட்டாரு. கொஞ்சங்கூட வலியே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "இவ்ளோ பெரிய கண்ணாடி உள்ள இருக்குது. வலிக்கலன்னா அதுக்குப் பேரு காப்பாத்தறதாங்க? எனக்கு பயமா இருக்குது."

"உனக்கு எப்பவும் பயந்தான்."

கண்ணாடியைப் பிடுங்கினேன். மஞ்சளும் விபூதியும் வைத்துக் கட்டினேன். மேல்தோல் மூடியதும் மறுபடி ஓடினேன்.

அடுத்த வாரம் வண்டியில் ஏறிய ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, சீட்டுக்கு அடியில எலி ஏதோ செத்திருக்கு போல."

அவர்களை இறக்கிவிட்டு வண்டி முழுக்கத் தேடினேன். மிதியடிகளைத் தூக்கினேன், சீட்டைக் கழற்றினேன், ஸ்டெப்னிக்கு அடியில் பார்த்தேன். எலி கிடைக்கவில்லை. சூப்பர்வைசருக்காக அன்று ஷூ போட்டிருந்தேன். சாயங்காலம் குளிர் ஜுரத்தோடு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினபோதுதான் எலி எங்கே இருந்தது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் கன்னடக்கார டாக்டரம்மா. என் மொழியில் பேச முயற்சி செய்தார். கையில் நைலான் நூல் மாதிரி ஒன்று வைத்திருந்தார்.

"கண்ணு மூடிக்கோங்க சார். இந்த நூலால டச் பண்ணும்போதெல்லாம் 'ஹா'ன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். மனதுக்குள் சரணம் சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது. வேறு யாரோடாவது பேசப் போய்விட்டாரோ என்று சந்தேகம் வந்தது.

"எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?"

செல்வி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆயித்து சார். இந்தக் கால் முடிச்சிட்டேன்."

வலது காலில் மட்டும் சில இடங்களில் 'ஹா' சொன்னேன். எனக்கு வந்திருந்தது நியூரோபதி (சர்க்கரை நரம்பைத் தின்பது) என்றார். பல வருடமாக உள்ளே நடந்திருக்கிறது. எரிச்சல்தான் நரம்பு கடைசியாகப் போட்ட கூச்சல்.

"விரதத்துல வலி போச்சே மேடம்? சாமிதானே..." என்று கேட்டேன்.

அவர் என் மாலைத் தழும்பேறிய கழுத்தைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. "குதிகால் நோவு நிஜமா கொறஞ்சிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா எரிச்சல் போனது வாசியாகி, குணமாகி இல்ல சார். நோவு அப்படியே இருக்கு. அத வந்து சொல்ற நரம்புதான் இல்ல."

முதலில் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். டெப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) இரண்டு தடவை நடந்தது. முடிவில் சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின. பாதம் தப்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தப்பிச்சீங்க என்றார்கள். என் விரல்கள் எந்த வாளியில் போயின என்று யாரும் சொல்லவில்லை. நெருப்புக்குப் போக வேண்டிய உடம்பில் இரண்டு துண்டு முன்னாலேயே எங்கோ போய்விட்டது.

கார்த்திக் பழக்கூடையோடு வந்தான். மேலே சப்போட்டா, கீழே திராட்சை. செல்வி கூடையைப் பார்த்து, "ஏங்க, சக்கரக்காரருக்கு சப்போட்டா கொண்டாந்திருக்காரு பாருங்க உங்க சிஷ்யரு" என்றாள். அவன் முகம் செத்துப்போனது. அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தான். "ஆனா நெறைய பேரு ஷேர் பண்ணிட்டாங்கண்ணா. அதெல்லாம் என் கையில இல்ல" என்றான். யாரோ ஒருவர் போனில் நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன், பத்து விரலோடு.

குருசாமியும் வந்தார். "ஐயப்பன் சோதிக்கிறாரு சாமி" என்றார்.

"சோதிக்கட்டும் சாமி. கேள்விய காட்டிட்டு சோதிக்கணும் இல்ல?" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் சாமி கும்பிடுவதை விடவில்லை. ஆனால் கும்பிடும்போது முன்பு இருந்த பேச்சு இப்போது வருவதில்லை.

வண்டி ஓட்ட எனக்குத் தகுதி இல்லை. ஷெட்டில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போட்டுத்தான் நடக்க வேண்டும். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். என் பாதம் எனக்கு எதையும் சொல்வதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல அதைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு செல்வி என் கால்களை மடியில் வைத்துப் பார்ப்பாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டவள் இப்போது விரல் இடுக்கை விரித்துப் புண் தேடுகிறாள். வலது காலை நகத்தால் தொட்டு, "தெரியுதா?" என்பாள். போன வாரம் அவசரமாக, "தெரியுது" என்றேன். "இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள். முன்பெல்லாம் எனக்குப் பொழுது மாதமாகவும் மண்டலமாகவும் ஓடியது. இப்போது ஒரு சாயங்காலத்திலிருந்து அடுத்த சாயங்காலம் வரைதான்.

வெறுங்காலில் ஓடுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மண் தெரிகிற கால் இருப்பவர்கள் ஓடட்டும். உங்கள் வலி ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டால் மட்டும் உடனே தேங்காய் உடைக்காதீர்கள். முதலில் அது எங்கே போனது என்று ஒரு டாக்டரைக் கேளுங்கள்.

போன பங்குனி உத்திரத்துக்குத் தெரு முனை முருகன் கோயிலுக்குப் போனோம். செருப்பு இல்லாமல் எங்கேயும் கால் வைக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. கோயில் கல்லில் வெந்தாலும் எனக்குத் தெரியாது. அதனால் இப்போது எந்தக் கோயிலிலும் நான் வெளியில்தான். கேட்டுக்கு வெளியே செருப்போடு நின்றேன். உச்சி வேளை. தரிசனம் முடித்தவர்கள் சூடான கல்லில் "ஸ்ஸ், அப்பா" என்று குதித்துக் குதித்து வந்தார்கள். பிள்ளைகள் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்குத் தாவினார்கள். ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி வந்தார். எல்லோருக்கும் சிரிப்பு. உள்ளே இருந்த முருகனைவிட அந்தக் கால்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது.

செல்வியும் உள்ளங்கையில் விபூதியோடு துள்ளிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என் முகத்தைப் பார்த்தாள். துள்ளலை நிறுத்தினாள். பிறகு அந்தக் கொதிக்கிற கல்லில், ஒன்றுமே சுடாதவள் போல, ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள்.

என்னால் பார்க்க முடியவில்லை.

"கால் வெந்துடும் செல்வி," கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஓடி வா!"