பட்டியலில் இல்லாத ரசேமா

ரசேமா ஸ்லோவீனியக் கடற்கரை ஊரான இஸோலாவில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. 1975 செப்டம்பர். போஸ்னியாவில் பிஹாச் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து பதினோரு பெண்களை மீன் டப்பாத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்திருந்தார்கள். அதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அன்று மழை, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. மறுநாள் காலை ஐந்தரைக்கு ரப்பர் பூட்ஸைக் கொடுத்து, மத்தி மீனுக்குத் தலை கிள்ளும் மேஜையில் நிறுத்திவிட்டார்கள். அந்த மேஜையில் பதினேழு வருஷம் நின்றாள்.

அப்போது எல்லாம் யுகோஸ்லாவியா என்ற ஒரே நாடு. போஸ்னியாவில் பஸ் ஏறினால் ஸ்லோவீனியக் கடற்கரையில் இறங்கலாம், நடுவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள், மீதிப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். ரசேமா இரண்டையும் செய்யவில்லை. தேவாலயத்துக்குப் பின்சந்தில், ஒந்தீனா என்ற இத்தாலியக்காரியின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள்.

ஒந்தீனா ஊர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவள். ரசேமாவைவிட இருபது வயது மூத்தவள். ஊர் மரியாதைப்படி ரசேமா அவளை 'ஷியோரா' என்றுதான் கூப்பிடுவாள். ஒந்தீனா பிறந்தபோது இஸோலா இத்தாலியில் இருந்தது. யுத்தம் முடிந்து ஊர் யுகோஸ்லாவியாவுக்குப் போனதும் அவளுடைய இரண்டு தங்கைகளும் கட்டில் மெத்தையோடு இத்தாலியிலேயே இருந்த ட்ரியெஸ்டேவுக்குப் படகேறினார்கள். இவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொல்வாள்.

"என் காலத்துல இந்தத் தெருவுக்கு நாலு பேரு வெச்சாச்சுடி. தெரு அதேதான். நாய் கால் தூக்குற மூலையும் அதேதான்" என்பாள்.

1991இல் ஸ்லோவீனியா தனிநாடானது. பழைய நாட்டின் மற்றப் பகுதிகளில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்றார்கள். மனுவோடு பிறப்புச் சான்று வேண்டும். ரசேமா தம்பி ஃபெரித்துக்கு எழுதினாள். அதற்குள் இடையில் இருந்த குரோவேஷியாவில் சண்டை. ரோடு இல்லை, தபால் எங்கெங்கோ சுற்றியது. கெடு டிசம்பரில் முடிந்தது. சான்று ஜனவரியில் வந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள். நிரந்தரக் குடியிருப்புப் பதிவுதான் கையில் இருக்கிறதே.

ஜூன் மாதம், அடையாள அட்டையோடு வரச்சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புது அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, முடிவெட்டிக்கொண்டு போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையை வாங்கி, காகிதத்தில் ஓட்டை போடும் கருவிக்குள் சொருகி, ஒரு அழுத்து அழுத்தினாள். டக் என்றது. திருப்பி நீட்டினாள்.

"என்ன மேடம் பண்ணீங்க?"

"இது இனிமே செல்லாது. உங்க பேரு பதிவுல இல்ல."

"போன வருஷம் வரைக்கும் இருந்துச்சே."

"பிப்ரவரியில எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். "உங்களை மட்டும் பாத்து யாரும் எடுக்கல. மனுப் போடாதவங்க எல்லாரையும் மொத்தமா எடுத்தது. உங்களுக்குப் பின்னாடி ஆள் நிக்கறாங்க பாருங்க."

ரசேமா திரும்பிப் பார்த்தாள். ஆள் நின்றது நிஜம்தான். ஒதுங்கி வழிவிட்டாள். வெளியே வந்து சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கினாள். பெரியதாக வாங்குவதா சிறியதாக வாங்குவதா என்று வெகுநேரம் நின்றது மட்டும் பிற்பாடு ஞாபகத்தில் இருந்தது. அழுகை வரவில்லை. வரும் என்று இரண்டு நாள் பார்த்தாள்.

பதிவு இல்லாததால் வேலை போனது. மேஸ்திரி வாசல்வரை வந்து, "உன் பூட்ஸை நீயே வெச்சுக்க ரசேமா" என்றார். அதன்பிறகு கிடைத்த வேலையெல்லாம் எழுத்தில் வராத வேலைதான். பக்கத்து ஊரான பீரானில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் துவைத்தாள். நவம்பரில் ஆலிவ் பறித்தாள். பஸ் நிலையத்தில் போலீஸ் நின்றால் அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள். பல் வலித்தால் கிராம்பு வைத்துக்கொண்டாள். இந்த நாட்டுக்குக் கடற்கரையே நாற்பத்தாறு கிலோமீட்டர்தான். ஒரு முனையில் இத்தாலி எல்லை, மறுமுனையில் குரோவேஷிய எல்லை. அந்த நாற்பத்தாறுக்குள் அவள் பத்தொன்பது வருஷம் இருந்தாள்.

போஸ்னியாவில் யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஃபெரித் போன் செய்தான். ஒந்தீனா கீழேயிருந்து கத்திக் கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. நாளைக்கு அடக்கம் வெச்சிருக்கோம். வந்துரு."

"வர்றேன்" என்றாள். கறுப்புப் பாவாடையைப் போட்டுக்கொண்டு திராகோன்யா ஆற்றுப் பாலத்து எல்லைச்சாவடிக்குப் போனாள். காவலில் இருந்தவர் நடுத்தர வயது. ஓட்டை விழுந்த அட்டையையும், காலாவதியான யுகோஸ்லாவியப் பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"அம்மா சாவுக்கு."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நான் உங்களைத் தடுக்கல, கேட்டுக்குங்க. அந்தப் பக்கம் குரோவேஷியாக்காரன் விடுவானான்னு எனக்குத் தெரியாது. விட்டான்னே வெச்சுக்குவோம். திரும்பி வரும்போது நான் விடமுடியாது. வேற யார் இருந்தாலும் விடமாட்டாங்க."

"அப்ப?"

"அப்ப... நீங்கதான் சொல்லணும்."

ரசேமா பாலத்தைப் பார்த்தாள். இருபது அடி எடுத்து வைத்தால் அந்தக் கரை. அந்தக் கரையிலிருந்து ஊர் ஒரு பகல் தூரம். பிறகு அங்கே என்ன செய்வது? யுத்தத்தில் வீட்டுக்குக் கூரையே போய்விட்டதென்று ஃபெரித் எழுதியிருந்தான். இங்கே மாடி அறையில் கட்டில், அடுப்பு, வெயிலில் காயப்போட்ட இரண்டு சட்டை. அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியில் உப்பளங்கள். பாத்திகளில் தண்ணீர் தேங்கி, கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. கரையில் உட்கார்ந்து, பயணத்துக்கென்று கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் சாப்பிட்டாள். பசி இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

2002 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலையாம், லீவு போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். ஒந்தீனாவின் சமையலறை மேஜையில் படிவங்களைப் பரப்பினாள். ஒந்தீனாவின் பெயர் ஏற்கெனவே அச்சடித்து வந்திருந்தது.

"மாடியில வேற யாராவது இருக்காங்களா?"

"பட்டியல்ல என்ன போட்டிருக்கு?" என்றாள் ஒந்தீனா.

"யாரும் இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்ப துணி காயப்போடறது பேயி."

ரசேமா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்தாள். அந்தப் பெண் அடையாள எண்ணைக் கேட்டாள். ரசேமா பதின்மூன்று இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, தலைநகரத்துக்குப் போன் போட்டு, வெகுநேரம் 'சரி, சரி' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒரு நம்பர் நடப்புல இல்லைங்கறாங்கம்மா."

"அது எனக்குத் தெரியும்."

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

"இருபத்தாறரை வருஷமா."

அந்தப் பெண் பேனாவை மேஜையில் தட்டினாள். "உங்களை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியல. வந்துபோறவங்களா, குடியிருக்கறவங்களா?"

"நீயே பாத்துச் சொல்லும்மா. இருக்கேனா, இல்லையா?"

ரசேமா கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்தது, முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவால் நிரப்பினாள். பிறந்த இடம், படிப்பு, அறையில் எத்தனை ஜன்னல். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்ற கேள்விக்கு ரசேமாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அறையில் அவள் தனியாகத்தானே இருக்கிறாள்.

பிற்பாடு ரேடியோவில் தொகையை வாசித்தார்கள்: பத்தொன்பது லட்சத்து அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம்.

"கேட்டியா? அந்தச் சொச்சம் நீதான்" என்றாள் ஒந்தீனா.

ரசேமா சிரித்தாள். அந்தப் படிவம் சேர்த்தியா, குப்பைக்குப் போயிற்றா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பெயர் நீக்கப்பட்டவர்களுக்குப் பழைய பதிவைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று நாடே ஓட்டுப் போட்டது. நீதிமன்றம் கொடுக்கச் சொல்லியும் ஓட்டு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒந்தீனா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சாவடிக்குப் போனாள். அரைமணியில் திரும்பி வந்து கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் போட்டாள் என்று ரசேமா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கூடாது என்று போட்டிருந்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒந்தீனா வழக்கத்துக்கு மாறாகத் தன் தட்டிலிருந்து பெரிய மீனை எடுத்து ரசேமாவின் தட்டில் வைத்தாள். ரசேமா அதைச் சாப்பிட்டாள்.

சட்டம் ஒருவழியாகத் திருத்தப்பட்டு 2011இல் அவளுக்கு அனுமதி அட்டை வந்தது. நீக்கிய நாளிலிருந்தே அவள் இங்கே குடியிருந்ததாகக் கூடவே ஒரு தாளும் வந்தது. ஐம்பத்துநாலு வயது. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பதிவோடு கூடிய வேலை கிடைத்தது. பல் வைத்தியரிடம் போனாள். அவர் நாலு பல்லைப் பிடுங்கினார். போஸ்னியப் பாஸ்போர்ட் எடுக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம்தான் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ஃபெரித் நரைத்துப்போயிருந்தான். மையத்தாங்கொல்லைக்கு அழைத்துப் போய் அம்மாவை அடக்கிய இடத்து வெள்ளைக் கல்லைக் காட்டினான். காட்டிவிட்டு அவனே குலுங்கிக் குலுங்கி அழுதான். ரசேமா இரண்டு கைகளையும் ஏந்தி ஓதினாள். வார்த்தைகள் மறக்காமல் வந்தன. வேறெதுவும் வரவில்லை. கல்லில் செதுக்கிய வருஷத்தை இரண்டு தடவை படித்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பிளம் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"அக்கா, இங்கயே இருந்துரேன். மேல ரூம் சும்மாதான் கெடக்கு."

"திங்கக்கிழமை ஷிஃப்ட் இருக்குடா."

"அழக்கூட மாட்டேங்கறியே..."

"வரமாட்டேங்குது ஃபெரித். நான் என்ன பண்ண?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கோட்டுக் காலரைச் சரிசெய்தான். இருவரும் இறக்கத்தில் மெதுவாக நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் இஸோலாவுக்கு வந்துசேர்ந்தாள். ஒந்தீனா கதவைத் திறந்தாள்.

"எப்படி இருந்துச்சு ஊரு?"

"மேடும் பள்ளமுமா இருந்துச்சு ஷியோரா. சமதரையில நடந்து பழகிட்டேன்ல, மூச்சு வாங்குது."

"வேற?"

ரசேமா யோசித்துப் பார்த்தாள். "வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, காலை ஷிஃப்ட்டுக்கு அலாரம் வைக்க மாடிக்குப் போனாள்.